பண்டைய யூதர்: வரலாறு, சமயம், பண்பாடு – ஒரு திறனாய்வு அறிமுகம்

1

யூதரின் தொல்வரலாறு தமிழ் வாசகருக்கு முற்றிலும் புதியதன்று. ஆபிரகாம், மோசே, தாவீது, சாலமோன் ஆகிய பெயர்கள் விவிலியத்தின் வழியாக நம்மிடையே நெடுங்காலமாகப் பயின்று வருவன. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது ஆறுமுக நாவலர் அவருக்குத் துணைநின்றார் என்பதும், அம்மொழிபெயர்ப்பு 1850 ஆம் ஆண்டு வெளிவந்தது என்பதும் தமிழ் உரைநடை வரலாற்றைக் கற்போர் அறிந்த செய்திகளே. ஆயினும், இப்பெயர்கள் பழகிய அளவிற்கு அவற்றுக்குப் பின்னால் இருந்த சமூகம் நமக்குப் பழக்கமானது என்று கூறுவதற்கில்லை.

இதற்குக் காரணங்கள் உள. கிறித்தவ சமயக் கல்வியின் வழியாக யூத வரலாற்றை அணுகியோர், அதனைக் கிறித்துவின் வருகைக்கு ஒரு முன்னுரையாகவே கொண்டனர். தமிழாராய்ச்சி வழியாக அணுகியோரின் ஆர்வம் வேறொரு திசையிற் சென்றது. சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களைக் கூறுமிடத்து முதலாம் இராசாக்கள் நூலில் வரும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல், தமிழ்த் 'தோகை'யின் திரிபு என்று கால்டுவெல் காலம் முதலாக எடுத்துக்காட்டப்பட்டு வந்துள்ளது. இவ்வொப்பீடு ஆராயத்தக்கதே. ஆனால், அச்சொல்லைத் தேடி அந்நூலினுட் புகுந்தோர், அது கிடைத்ததும் வெளியேறிவிட்டனர். முன்னையோர் யூதரிடத்தே கிறித்தவத்தைக் கண்டனர். பின்னையோர் தம்மையே கண்டனர்.

இக்கட்டுரையிலே நாம் அச்சமூகத்தை அதன் நிலத்திலும் காலத்திலும் நிறுத்தி நோக்க முயல்கின்றோம். எபிரேய விவிலியத்தை ஓர் இனத்தின் ஒருமித்த குரலாகக் கொள்வது பக்தர்க்கும் பகைவர்க்கும் பொதுவான வழக்கம். நமது கருத்து அதற்கு மாறானது. அரசனுக்கும் தீர்க்கதரிசிக்கும், கடன் கொடுத்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும், நாடுகடத்தப்பட்டவனுக்கும் நாட்டிலே எஞ்சியவனுக்கும் இடையே நிகழ்ந்த நெடிய வழக்கின் பதிவாகவே நாம் அதனைக் காண்கின்றோம். அவ்வழக்கிலே தோற்றவர் குரல் முற்றாக அழிக்கப்படாமல் நூலினுள்ளேயே இடம்பெற்றமைதான் யூதப் பண்பாட்டின் தனித்தன்மை. அதே நூல் சிலருடைய குரலை வெளியே நிறுத்தியும் உள்ளது. இவ்விரண்டையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

2

முதலில் மூலங்களைப் பற்றிச் சில கூறுதல் அவசியம். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களும் (யூதர் இவற்றைத் தோரா என்பர்) மோசேயால் எழுதப்பட்டவை என்பது மரபு. இம்மரபை வெளிப்படையாக மறுத்து, அந்நூல்களையும் ஏனைய நூல்களைப் போன்றே வரலாற்று முறையில் ஆராய்தல் வேண்டும் என்று 1670 இல் வெளியிட்ட தம் நூலிலே வாதிட்டவர் ஸ்பினோசா. யூத சமூகத்திற் பிறந்து, அச்சமூகத்தாலேயே விலக்கப்பட்டவர் அவர். 1805 இல் டி வெற்றே, உபாகமம் யோசியா அரசன் காலத்துச் சீர்திருத்தத்துடன் தொடர்புடையது என்று காட்டினார். ஜூலியஸ் வெல்ஹவுசன் 1878 இல், தோரா வெவ்வேறு காலத்து நான்கு மூலங்களின் தொகுப்பு என்னும் கொள்கையை நிலைநிறுத்தினார். அக்கொள்கையின் விவரங்கள் இன்று பலவாறு திருத்தப்பட்டுள்ளன. ஆயினும் தோரா படிப்படியாக உருவான தொகுப்பு நூல் என்னும் அடிப்படை முடிவு ஆய்வுலகிலே நிலைபெற்றுவிட்டது.

நூலைக் கவனமாகப் படிப்போர்க்கே இதற்குச் சான்று கிடைக்கும். பத்துக் கட்டளைகள் யாத்திராகமத்திலும் உபாகமத்திலுமாக இருமுறை வருகின்றன. ஓய்வுநாளைக் கைக்கொள்வதற்கு யாத்திராகமம் கூறும் காரணம், இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தமை. உபாகமமோ வேறு காரணம் கூறுகிறது. வேலைக்காரனும் வேலைக்காரியும் எசமானைப் போலவே இளைப்பாறுதல் வேண்டும். ஏனெனில் எசமானின் முன்னோரும் எகிப்திலே அடிமைகளாக இருந்தவர்களே. ஒரே கட்டளைக்கு ஒரு நூல் பிரபஞ்சத் தோற்றத்தையும் மற்றொரு நூல் அடிமை வாழ்வின் நினைவையும் ஆதாரமாக்குகின்றன. தொகுத்தவர்கள் இவற்றுள் ஒன்றை நீக்கிவிடவில்லை. இரண்டையும் வைத்தனர். இம்முறைமை பின்னரும் தொடர்வதைக் காண்போம்.

வெல்ஹவுசனின் பங்களிப்பை ஏற்கும்போது அவருடைய குறைபாட்டையும் சுட்டுதல் வேண்டும். தீர்க்கதரிசிகளின் காலத்தை உயிர்ப்புடைய சமயமாகவும், அதன் பின் எழுந்த யூத சமயத்தை வெறும் சட்டமும் சடங்குமாகச் சுருங்கிய வீழ்ச்சியாகவும் அவர் சித்திரித்தார். இது மூலங்களிலிருந்து பெறப்பட்ட முடிவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனியப் புரட்டஸ்தாந்த சூழல் அளித்த முன்முடிவு. சட்டத்தினுள்ளேயே சமூக நீதிக்கான போராட்டம் நிகழ்ந்தது என்பதை அவரது பார்வை மறைத்துவிட்டது.

3

இஸ்ரவேல் மக்களின் தோற்றம் குறித்து விவிலியம் கூறும் கதை யாவரும் அறிந்தது. எகிப்திலிருந்து வெளியேறி, பாலைவனத்தைக் கடந்து, யோசுவாவின் தலைமையிலே கானான் நாட்டைப் படையெடுத்து வென்றனர் என்பது அது. தொல்லியல் இக்கதையை உறுதிப்படுத்தவில்லை. எரிகோவில் 1952 முதல் 1958 வரை அகழ்ந்த கத்லீன் கென்யன், யோசுவாவுக்குரியதாகக் கருதப்பட்ட கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அங்கு மதில்சூழ்ந்த நகரம் இருந்தமைக்குச் சான்று காணவில்லை. போரில் எரிக்கப்பட்டதாகக் கூறப்படும் ஆயி நகரம், அப்போருக்கு ஓராயிரம் ஆண்டுக்கு முன்பே பாழ்பட்டுக் கிடந்தது.

இஸ்ரவேல் என்ற பெயர் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று கி.மு. 1208 அளவிலான எகிப்தியக் கல்வெட்டு ஒன்றாகும். மெர்னெப்தா மன்னனின் இக்கல்லை 1896 இல் பிளிண்டர்ஸ் பெற்றி கண்டெடுத்தார். தான் வென்ற கானான் நகரங்களுடன் இஸ்ரவேலையும் அவன் குறிப்பிடுகின்றான். நகரங்களுக்கு நாட்டைக் குறிக்கும் குறியீட்டையும், இஸ்ரவேலுக்கு மக்கட் கூட்டத்தைக் குறிக்கும் குறியீட்டையும் எழுத்தன் இட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. அக்காலத்து இஸ்ரவேல் ஓர் அரசன்று.

இம்மக்கட் கூட்டம் எங்கிருந்து வந்தது? 1925 இல் அல்பிரெக்ற் அல்ற், மேய்ச்சல் நாடோடிகள் சிறிது சிறிதாக மலைப்பகுதியிற் குடியேறினர் என்றார். 1962 இல் ஜோர்ஜ் மெண்டன்ஹோல், கானானிய நகர அரசுகளின் சுரண்டலுக்கெதிராகக் கிளர்ந்த உழவர்களே இஸ்ரவேலர் ஆயினர் என்னும் கருத்தை முன்வைத்தார். நோர்மன் கொட்வால்ட் 1979 இல் வெளியிட்ட 'யாவேயின் குலங்கள்' என்னும் பெருநூலிலே இதனை மார்க்சிய சமூகவியல் நோக்கில் விரிவாக வளர்த்தார். முற்போக்கு வாசகரை இக்கொள்கை கவர்வது இயல்பு. ஆயின், நமக்கு உவப்பானது என்பதனால் ஒரு கொள்கை உண்மையாகிவிடாது. கிளர்ச்சியொன்று நிகழ்ந்தமைக்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை. மத்திய மலைநாட்டில் நடத்தப்பட்ட களஆய்வுகள், கி.மு. பன்னிரண்டாம் பதினோராம் நூற்றாண்டுகளிலே ஏறத்தாழ 250 சிற்றூர்கள் அங்கு புதிதாகத் தோன்றியமையைக் காட்டுகின்றன. மதிலற்ற இவ்வூர்களில் மாளிகைகளோ பெருங்கோயில்களோ இல்லை. மட்கலங்களும் பொருட்பண்பாடும் கானானிய மரபையே தொடர்கின்றன.

கொட்வால்டின் 'புரட்சி' நிறுவப்படவில்லை. எனினும், இஸ்ரவேலர் பெரும்பாலும் கானான் மண்ணிலிருந்தே தோன்றியவர்கள் என்ற அவரது அடிப்படை நோக்கு வலுப்பெற்றுள்ளது. வெளியிலிருந்து வந்து வென்றோம் என்று பின்னாளிற் கூறிக்கொண்டோர், உண்மையில் தாம் அழித்ததாகக் கூறிய மக்களின் உறவினரே.

4

மலைநாட்டுச் சமத்துவம் நீடிக்கவில்லை. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என இரு அரசுகள் உருவாயின. தாவீது, சாலமோன் காலத்துப் பேரரசு பற்றிய விவிலியச் சித்திரம் இன்று பெரும் விவாதத்துக்குரியது. 1993 இல் தாண் என்னுமிடத்திற் கிடைத்த அரமேயக் கல்வெட்டு 'தாவீதின் வீடு' என்று ஓர் அரச மரபைக் குறிப்பிடுவதனால், தாவீதை வெறும் கற்பனை என ஒதுக்குவதும் பொருந்தாது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் வலிமையுடன் விளங்கியது ஒம்ரியின் வட அரசே. மோவாப் மன்னன் மேசா பொறித்த கல்வெட்டு ஒம்ரியின் மேலாதிக்கத்துக்குச் சான்று பகர்கின்றது.

இவ்வரசின் தலைநகராகிய சமாரியாவிலே 1910 இல் கண்டெடுக்கப்பட்ட ஓட்டுச் சில்லுகளில், சுற்றுப்புற ஊர்களிலிருந்து அனுப்பப்பட்ட திராட்சைமதுவும் எண்ணெயும் குறிக்கப்பட்டுள்ளன. அதே நகரின் இடிபாடுகளிலே தந்தத்தாற் செதுக்கிய அலங்காரத் துண்டுகளும் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆமோஸ் தீர்க்கதரிசி, தந்தக் கட்டில்களிற் சாய்ந்து மதுவருந்துவோரைச் சாடியபோது அவர் சொல்லணி செய்யவில்லை என்பதற்கு இப்பொருள்களே சாட்சி.

ஆமோசை உழைக்கும் மக்களின் புரட்சியாளர் என்று சித்திரிப்பாரும் உளர். இதனை நாம் அவ்வாறே ஏற்பதற்கில்லை. தம்மை மந்தைக்காரர் என்றும் காட்டத்தி பயிரிடுபவர் என்றும் அவர் கூறிக்கொள்கிறார்; அவர் வறியவர் என்பதற்கு அச்சொற்கள் போதிய சான்றல்ல. ஏழைகளைக் கிளர்ந்தெழுமாறு அவர் அழைக்கவுமில்லை. இறைவனின் தண்டனை வருமென்றே அறிவித்தார். அவரது சிறப்பு வேறிடத்தில் உள்ளது. பலியும் விழாவும் செவ்வனே நடந்துகொண்டிருக்க, சந்தையிற் கள்ளத் தராசும் வாயிலில் விலைபோன நீதியும் நிலவுமாயின், அந்த வழிபாட்டை இறைவனே வெறுக்கிறான் என்று அவர் வழிபாட்டிடத்திலேயே நின்று கூறினார். சமயத்தின் அளவுகோலைச் சடங்கிலிருந்து சமூக உறவுக்கு மாற்றிய கூற்று அது.

இவ்விடத்திலே ஒரு சிறு பொருளைப் பின்தொடர்ந்து செல்லுதல் பயன்தரும். அது வறியவனின் மேலாடை. யாத்திராகமச் சட்டத் தொகுதியொன்று, கடனுக்கு ஈடாக ஒருவனின் மேலாடையைப் பெற்றவன் பொழுது சாயுமுன் அதனைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்கிறது. வறியவனுக்குப் பகலில் உடையும் இரவிற் போர்வையும் அதுவே என்பது அச்சட்டம் காட்டும் காரணம். ஆமோஸ், ஈடாகப் பெற்ற ஆடைகளை விரித்துப் பலிபீடத்தின் அருகே படுத்துக்கிடப்போரைக் கண்டிக்கிறார். சட்டம் இருந்தது அல்லது உருவாகிக்கொண்டிருந்தது, அது மீறப்பட்டது, மீறியோர் பக்திமான்களாகவும் இருந்தனர்.

மூன்றாவது சான்று விவிலியத்துக்கு வெளியே கிடைத்தது. மத்தியதரைக் கடலோரத்தில், யாவ்னேக்கு அண்மையிலுள்ள சிறு கோட்டையொன்றில் 1960 இல் நடந்த அகழ்வில், கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குரிய எழுத்துப் பொறித்த ஓடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அறுவடைத் தொழிலாளி ஒருவன் அதிகாரிக்குச் செய்துகொண்ட முறையீடு அதிலுள்ளது. தனக்கிட்ட அளவு கதிரை அறுத்துக் களஞ்சியத்திற் சேர்த்துவிட்டதாகவும், அதன் பின்பும் ஓசயாகு என்பவன் தன் மேலாடையைப் பறித்துக்கொண்டதாகவும், உடன் அறுத்தவர்கள் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்றும் அவன் கூறுகிறான். ஆடையைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறான். அவன் எச்சட்டத்தையும் பெயர்சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆடை ஈடாகவா தண்டமாகவா எடுக்கப்பட்டது என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. எனினும் சட்டமும் கண்டனமும் முறையீடும் ஒரே துணியின்மேற் சந்திப்பது தற்செயலானதன்று. மூவகை எழுத்துக்கும் பின்னால் இருப்பது ஒரே சமூக நிலைமை.

ஏறத்தாழ அக்காலத்திலேயே, கி.மு. 622 இல், யூதாவின் அரசன் யோசியா எருசலேம் ஆலயத்திற் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் நூலொன்றை ஆதாரமாகக் கொண்டு பெருஞ்சீர்திருத்தம் செய்தான். அந்நூல் உபாகமத்தின் முந்திய வடிவம் என்பது டி வெற்றே முதலாக ஆய்வாளர் பலரும் கொள்ளும் முடிபு. சீர்திருத்தம் இருமுகம் கொண்டது. ஊர்தோறும் இருந்த வழிபாட்டிடங்கள் அழிக்கப்பட்டு வழிபாடு தலைநகரிலே குவிக்கப்பட்டது. இதனால் அரசும் ஆலய குருமாரும் வலுப்பெற்றனர். அதே நூல் ஏழாண்டுக்கொருமுறை கடன் விடுதலையையும், கூலியாளுக்கு அன்றன்று கூலி வழங்குதலையும் வலியுறுத்துகின்றது. இவ்விரண்டுள் ஒன்றை மட்டும் எடுத்துப் போற்றுவதோ தூற்றுவதோ திறனாய்வாகாது.

சட்டம் நடைமுறையில் என்னாயிற்று என்பதை எரேமியா நூல் காட்டுகின்றது. பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டபோது செல்வர்கள் தம் எபிரேய அடிமைகளை விடுதலை செய்தனர். முற்றுகை தற்காலிகமாக விலகியதும் அவர்களை மீண்டும் பிடித்து அடிமையாக்கினர். எரேமியா இதனை வன்மையாகக் கண்டித்தார். அவருடைய சுருளை அரசனே பத்தி பத்தியாக வெட்டித் தீயிலிட்ட செய்தியையும் அந்நூல் கூறுகின்றது. எரிக்கப்பட்டது மீண்டும் எழுதப்பட்டது. பின்னாளிலே எரித்த அரசனின் செயல் அந்நூலுக்குள்ளேயே குற்றமாகப் பதிவாயிற்று.

5

கி.மு. 586 இல் எருசலேம் வீழ்ந்தது, ஆலயம் எரிக்கப்பட்டது. பண்டைய மேற்காசியாவில் ஒரு நாட்டின் தோல்வி அதன் கடவுளின் தோல்வியாகவும் கருதப்பட்டது. யூதாவின் சிந்தனையாளர் வேறு முடிவுக்கு வந்தனர். தம்மைத் தண்டித்தவன் தம் இறைவனே. ஆகவே பாபிலோனும் அவன் கருவியே. ஆகவே அவனையன்றி வேறு கடவுள் இல்லை. முந்திய காலத்தில் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. சீனாய்ப் பாலைவனத்தின் குந்தில்லெத் அஜ்ருத் என்னுமிடத்தில் 1975–76 இல் கண்டெடுக்கப்பட்ட பொறிப்புகள், யாவேயுடன் அசேராவையும் இணைத்து ஆசி கூறுகின்றன. ஒருகடவுட் கொள்கையின் முழு வடிவம், ஏசாயா நூலின் பிற்பகுதியிலே, நாடிழந்தோர் நடுவிலேதான் ஒலிக்கின்றது. அரசின் வெற்றியில் வளர்ந்த கொள்கையன்று அது.

ஆனால் நாடிழந்தோர் யார் என்று வினவுதல் வேண்டும். எரேமியா நூலின் இறுதி அதிகாரம் மூன்று தடவைகளில் நாடுகடத்தப்பட்டோர் தொகையை 4,600 எனத் தருகின்றது. அரச குடும்பத்தினரும் அதிகாரிகளும் கைவினைஞருமே முதன்மையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். நிலத்தின் ஏழைகள் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் பார்க்க விடப்பட்டனர். எஞ்சியவர்கள் நிலம் தமக்கே உரியது என்று கருதினர். எசேக்கியேல் அவர்களை மறுத்துப் பேசுகின்றார். வரலாற்றை எழுதியவர்கள் பாபிலோனுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்களே. ஆகவே, நாடு வெறுமையாகக் கிடந்தது என்ற எண்ணம் நூலிலே வேரூன்றியது. ஏழைகளுக்காகப் பேசிய தீர்க்கதரிசனத்தைக் காத்தளித்த அதே மரபு, நிலத்தில் உழுதுகொண்டிருந்த ஏழைகளை வரலாற்றிலிருந்து மறைத்தது. இம்முரண்பாடு கூர்ந்து நோக்கற்பாலது.

நாடுகடத்தப்பட்டோர் யாவரும் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. பாபிலோனியாவின் 'யூதர் ஊர்' ஒன்றிலிருந்து கிடைத்து 2014 இல் தொகுத்து வெளியிடப்பட்ட களிமண் ஆவணங்கள், அவர்களும் வாரத்துக்கு நிலம் பெற்று, பார்லியும் பேரீச்சையும் விளைவித்து, அரசுக்கு வரி செலுத்தியமையைக் காட்டுகின்றன. கி.மு. 539 இல் பாரசீக மன்னன் சைரசு பாபிலோனைக் கைப்பற்றியபின் ஒரு பகுதியினர் திரும்பினர். இரண்டாம் ஆலயம் கி.மு. 515 இல் நிறைவெய்தியது.

திரும்பியோர் நடுவே யார் யூதர் என்னும் வினா எழுந்தது. எஸ்றா நூல் 'பரிசுத்த வித்து' என்னும் கருத்தைக் கூறி, அயலினப் பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் விலக்கிவிட்ட நிகழ்ச்சியை விவரிக்கின்றது. ரூத் நூலோ மோவாபியப் பெண்ணொருத்தியைக் கதைத் தலைவியாக்கி, தாவீதின் முன்னோள் அவளே என்று முடிகின்றது. மோவாபியர் சபைக்குட் சேரலாகாது என்பது உபாகமச் சட்டம். ரூத் நூல் எக்காலத்தது என்பதில் ஒருமித்த கருத்தில்லையாயினும், அது எஸ்றாவின் நூலுடன் ஒரே தொகுப்பில் இடம்பெற்றமை மறுக்க இயலாதது.

யூதராயிருத்தற்கு அக்காலத்தே ஒரேயொரு வழியே இருந்தது என்பதும் பிழை. எகிப்தின் தென்னெல்லையிலுள்ள எலிபண்டைன் தீவில் பாரசீகப் படையிற் பணியாற்றிய யூதக் குடியிருப்பொன்று இருந்தது. எருசலேமில் மட்டுமே ஆலயம் இருக்கலாம் என்ற விதி அவர்களைத் தடுக்கவில்லை. தமக்கென ஓர் ஆலயம் வைத்திருந்தனர். கி.மு. 410 இல் அது இடிக்கப்பட்டது. கி.மு. 407 இல் அவர்கள் யூதாவின் ஆளுநருக்கு எழுதிய முறையீட்டின் படி கிடைத்துள்ளது. அவர்களது காணிக்கைப் பட்டியலொன்று யாவேயின் பெயருடன் வேறிரு தெய்வங்களின் பெயர்களையும் தருகின்றது. விவிலியம் இவர்களைப் பற்றி எதுவும் கூறவில்லை.

கடன் பிரச்சினையும் தீரவில்லை. கி.மு. 445 இல் ஆளுநராக வந்த நெகேமியாவின் நூலிலே, அரச வரி செலுத்தக் கடன்பட்டு, வயல்களை ஈடுவைத்து, பிள்ளைகளை அடிமையாக்க நேர்ந்த மக்களின் கூக்குரல் கேட்கின்றது. கடன் கொடுத்தோர் அயலாரல்லர், யூதப் பிரபுக்களே. நெகேமியா ஈடுகளைத் திருப்பிக் கொடுப்பித்தார். தாமும் தம் உறவினரும் கடன் கொடுத்திருந்தமையை அவர் மறைக்கவில்லை. லேவியராகமம் ஐம்பதாம் ஆண்டிலே நிலங்கள் பழைய உரியோரிடம் மீளவேண்டும் என்னும் உயரிய இலட்சியத்தைக் கூறுகின்றது. அதே அதிகாரம், அயலினத்தாரை நிரந்தர அடிமைகளாக வைத்திருக்க அனுமதிக்கின்றது. நீதியின் எல்லை இனத்தின் எல்லையாகவே அங்கு நின்றுவிட்டது.

6

யூதரை இயல்பிலேயே வணிக இனமாகக் கொள்ளும் கருத்து இடதுசாரி எழுத்துகளிலும் புகுந்துள்ளது. இளம் மார்க்ஸ் 1844 இல் வெளியிட்ட கட்டுரையிலே யூதம் என்பதைப் பணத்தோடு சமப்படுத்திய இடங்கள் அவருடைய பிற்கால ஆய்வுமுறைக்கே ஒவ்வாதவை. ஏப்ரகாம் லியோன், யூதரை வணிகத் தொழிலால் வரையறுக்கப்பட்ட 'மக்கள்-வர்க்கம்' என்றார். நாசிகளின் முகாமில் உயிரிழந்த அவ்விளைஞரின் நூல் 1946 இல் வெளிவந்தது. ஐரோப்பிய மத்தியகாலத்தின் சில கட்டங்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பண்டைக்காலத்துக்கு அது பொருந்தாது. கி.பி. முதலாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், தம் மக்கள் கடலோர வணிகத்தை நாடாது உள்நாட்டிலே நிலத்தைப் பயிரிட்டு வாழ்பவர் என்று வெளிப்படையாகவே எழுதியுள்ளார். மக்ஸ் வெபர் கையாண்ட 'தீண்டா மக்கள்' என்னும் கருத்தாக்கமும், இந்தியச் சாதியமைப்பிலிருந்து பெற்ற சொல்லை வேறுபட்ட சூழலுக்கு ஏற்றியதன் விளைவே.

உழவர் சமூகமாயிருந்தமையாலேயே கடன் அச்சமூகத்தின் நெடுநாட் புண்ணாயிற்று. மக்கபேயர் எழுச்சி கி.மு. 167 இல் கிரேக்க அரசின் சமய ஒடுக்குமுறைக்கெதிராகத் தொடங்கியது; அதன் வழிவந்த அஸ்மோனிய அரசே பின்னர் இதுமேயரைப் பலவந்தமாக மதம் மாற்றி, கெரிசீம் மலையிலிருந்த சமாரியர் ஆலயத்தை அழித்தது. கி.மு. 63 இல் உரோமர் ஆதிக்கம் ஏற்பட்டது. ஏழாம் ஆண்டிற் கடன் அழிந்துபோகும் என்று அஞ்சிச் செல்வர் கடன் கொடுக்க மறுத்தமையால், இல்லேல் என்னும் ஆசான் கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கும் 'புரொஸ்புல்' ஏற்பாட்டை வகுத்தார் என்பது மரபு. ஏழைக்குக் கடன் கிடைக்க அது வழி செய்தது. பழைய விடுதலைச் சட்டத்தை நடைமுறையிற் செயலிழக்கவும் செய்தது. கி.பி. 66 இல் உரோமருக்கெதிரான கிளர்ச்சி மூண்டபோது, எருசலேமிற் கிளர்ச்சியாளர் கடன் பத்திரங்கள் இருந்த ஆவணக் களரியைக் கொளுத்தினர் என்று யோசேப்பஸ் கூறுகிறார். உரோமர்க்கு எதிரான போர் உள்நாட்டுச் செல்வர்க்கும் எதிரான போராகவே தொடங்கியது.

கி.பி. 70 இல் ஆலயம் அழிந்தது. 132–135 எழுச்சியும் தோற்றது. பலிபீடமும் அரசும் இல்லாத நிலையில் யாவ்னேயிலும் கலிலேயாவிலும் ஆசான்கள் கூடிச் சட்டத்தை ஓதியும் விவாதித்தும் வந்தனர். ஏறத்தாழ கி.பி. 200 இல் அவ்விவாதங்கள் மிஷ்னா என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டன. இந்நூலின் அமைப்பே நமது கவனத்துக்குரியது. இல்லேல் பள்ளியினர் கருத்தும் சம்மாய் பள்ளியினர் கருத்தும் அருகருகே வைக்கப்படுகின்றன. ஏற்கப்படாத சிறுபான்மைக் கருத்தை ஏன் பதிவு செய்தல் வேண்டும் என்ற வினாவையும் மிஷ்னாவே எழுப்புகின்றது. பிற்காலத்து மன்றமொன்று அதனை ஆதாரமாகக் கொள்ள நேரலாம் என்பது அது தரும் விடைகளுள் ஒன்று. ஓய்வுநாளுக்கு இரு காரணங்களையும் காத்துவைத்த அந்தத் தொகுப்பு மனப்பான்மையே இங்கு தெளிந்த கொள்கையாகின்றது. இவ்விவாதங்களிற் பெண்களின் குரல் ஏறக்குறைய இடம்பெறவேயில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

7

பண்டைய வரலாறு பண்டைக்காலத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஐரோப்பாவிலே ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் நாசிகளாற் கொலையுண்ட பின்னர், 1948 மே 14 இல் இஸ்ரேல் அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அப்பிரகடனம் அந்நிலத்தை யூத மக்களின் பிறப்பிடமாகக் கூறியே தொடங்குகின்றது. அவ்வரசு உருவான காலப் போரிலே ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் தம் வாழிடங்களை இழந்தனர். அதன்பின் அங்கு நடந்த அகழ்வுகள் பலவும் அரசியற் சுமையைத் தாங்க நேர்ந்தது. 1963–65 இல் மசாடாக் கோட்டையில் நடந்த அகழ்வு தேசிய வீரத்தின் சின்னமாகவே போற்றப்பட்டது. மறுபுறத்தே, எருசலேமில் யூத ஆலயமொன்று இருந்ததேயில்லை என்று கூறுவாரும் உளர். இவ்விரு சாராரும் ஒரே பிழையையே செய்கின்றனர். பண்டைய நூலையும் இடிபாட்டையும் நிலத்தின் உறுதிப் பத்திரமாகக் கருதி, ஒரு சாரார் அதனை நீட்டுகின்றனர். மறு சாரார் அதனைக் கிழிக்கின்றனர். அங்கு வாழும் மனிதரின் உரிமை எந்தக் கல்வெட்டின் வயதையும் பொறுத்ததன்று.

இலங்கையில் வாழும் நமக்கு இத்தகைய வாதங்கள் அந்நியமானவையல்ல. யார் முதலில் வந்தனர் என்ற வினாவைக் கேட்டுக் கேட்டு, வந்தவர்களுள் யார் உழுதனர், யார் உண்டனர் என்ற வினாவை நாமும் மறந்திருக்கின்றோம். பண்டைய யூதரைக் கற்பதன் பயன்களுள் ஒன்று, தொலைவிலுள்ள ஒரு சமூகத்தின் நூல்களிலே இம்மறதி எவ்வாறு உருவாகின்றது என்பதைப் பற்றின்றிக் காண இயலுவதாகும்.

எனவே, இத்துறையில் நமக்கு வேண்டுவது துதியுமன்று, கண்டனமுமன்று. எலிபண்டைன் முறையீடும், சமாரியாவின் ஓட்டுச் சில்லுகளும், யூதர் ஊரின் களிமண் ஆவணங்களும் தக்க விளக்கத்துடன் தமிழிலே தரப்படுதல் வேண்டும். விவிலியத்தின் நீதிச் சட்டங்களை நமது மாணவர் அவற்றோடு சேர்த்தே கற்றல் வேண்டும். அவ்வாறு கற்கும்போது, தாவீதின் அரண்மனை எவ்வளவு பெரிது என்னும் ஆராய்ச்சிக்கு அளிக்கும் இடத்தில் ஒரு பங்கையாவது, கோட்டை வாயிலில் நின்று தன் மேலாடையைத் திருப்பிக் கேட்ட பெயரறியாத அறுவடைக்காரனுக்கும் அளித்தல் தகும்.